தவளை தன் வாயால் கெடுமா?

மழை பெய்து குளம் குட்டைகள் நிறைந்ததும் தவளைகளின் கூச்சல் தொடங்கிவிடுகிறது. கத்துபவை பெரும்பாலும் ஆண் தவளைகளே. நுரையீரலிலிருந்து வெளிப்படும் காற்று குரல்வளையை அதிரச் செய்து, தொண்டையின் அடியிலுள்ள குரல்பையை உப்பச் செய்கிறது. வாயும் மூக்குத் துளைகளும் மூடியிருப்பதால் அதே காற்று நுரையீரலுக்குத் திரும்புகிறது; மறுபடியும் ஒலி எழுப்ப உதவுகிறது. இத்தனை பாடும் யாருக்காக?

பெண் தவளையை அழைப்பதற்காக என்று சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். இனப்பெருக்கக் காலத்திலேயே இவ்வொலி மிகுதி என்பதையும், ஆணின் குரலுறுப்புகள் பெண்ணினுடையவற்றைவிட நன்கு வளர்ந்தவை என்பதையும் 1871-இல் சார்லஸ் டார்வின் எடுத்துக்காட்டினார். எனினும், கேட்கும் தவளை என்ன செய்கிறது என்று சோதித்தறிய ஒலிப்பதிவுக் கருவியும் ஒலிபெருக்கியும் வரவேண்டியிருந்தது.

போர்ட்டோ ரிக்கோ தீவில் 'கோ-கீ' என்று கத்தும் மரத்தவளை ஒன்று உண்டு. பீட்டர் நாரின்ஸ், ராபர்ட் காப்ரானிக்கா ஆகிய அறிவியலார் இக்குரலைப் பிரித்து ஒலிக்கவிட்டு ஆராய்ந்து, 1976-இல் முடிவை வெளியிட்டனர். 'கோ' என்ற பகுதிக்கு ஆண்கள் பதில் கொடுத்தன. 'கீ' என்ற பகுதியை நாடிப் பெண்கள் வந்தன. ஆக, ஒரே குரலில் இரு செய்திகள்! போட்டி ஆணுக்கு எச்சரிக்கை, பெண்ணுக்கு அழைப்பு.

மூன்றாவது செவி ஒன்றும் இருப்பது பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் தெரியவந்தது. அங்குள்ள துங்காரா தவளை சுமார் 3 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. முதலில் நீண்ட இழுப்பொலி எழுப்பும். சில வேளைகளில் அதன் முடிவில் 'சக்' என்ற குறுகிய ஒலிகளைச் சேர்க்கும். 'சக்' சேர்ந்த குரலையே பெண்கள் அதிகம் விரும்புவதை மைக்கேல் ரயன் கண்டார். அவரும் மெர்லின் டட்டிலும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது: தவளை தின்னும் ஒருவகை வௌவால், இக்குரலைக் கேட்டே இரையின் இருப்பிடத்தை அறிகிறது. அதற்கும் 'சக்' சேர்ந்த குரலே பிடித்தமானது!

தனித்திருக்கும் துங்காரா தவளை பெரும்பாலும் இழுப்பொலியோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? அருகில் போட்டியாளர்கள் கத்தும்போதே அது 'சக்' ஒலியைத் தாராளமாகச் சேர்க்கிறது.

தவளை தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வாய் திறந்தால் உயிருக்கு ஆபத்து. திறக்காவிட்டால் சந்ததியே இல்லை.