இயக்கக்கூறு எண்ணிக்கை சொல்லாதது: தளத் தண்டிணைப்புகளின் அமைவுவெளி குறித்து

நான்கு அட்டைப் பட்டைகளை வெட்டி, முனைகளில் ஆணி செருகி ஒரு நாற்கரம் செய்துகொள்வோம். 10 செ.மீ. பட்டையை மேசையில் அழுத்திப் பிடிக்கவேண்டும்; அதை அடுத்து 4 செ.மீ., பிறகு 8, 8. சிறிய பட்டையைச் சுழற்றினால் தடையின்றி முழு வட்டம் வருகிறது. அதன் நுனியிலிருந்து அடிப்பட்டையின் மறுமுனைக்கு ஒரு நூல் கட்டியிருப்பதாக எண்ணிக்கொண்டால், நூலின் நீளம் 6 முதல் 14 செ.மீ. வரை மாறும், 16ஐத் தொடவே தொடாது. ஆகவே 8 செ.மீ. பட்டைகள் சேரும் முழங்கை ஒருபோதும் நேராக நிமிராது, நூலின் மறுபக்கத்துக்கும் போகாது. போக வேண்டுமானால் ஆணியைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

அடிப்பட்டையை 14 செ.மீ. ஆக்கினால் நூல் 16ஐ எட்டுகிறது. முழங்கை நிமிர்ந்து மறுபுறம் மடிகிறது. ஆனால் சிறிய பட்டையால் முழுச் சுற்று வரமுடியவில்லை. சரியாக 12 செ.மீ. என்றால் நான்கும் ஒரே கோட்டில் படுக்கும் நிலை ஒன்று வருகிறது. அங்கிருந்து இரு வழியாகவும் போகலாம்.

மூன்று கருவிகளுக்கும் இயக்கவியல் பாடநூல் தரும் விடை ஒன்றே: சுதந்திர இயக்கக்கூறு 1. இந்த எண் அமைவுவெளியின் பரிமாணம் மட்டுமே. ஒரு கருவி எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களின் தொகுதியையே அமைவுவெளி என்கிறோம். நகர்த்தியும் திருப்பியும் பொருத்தக்கூடியவற்றை ஒன்றாகக் கொள்கிறோம், கண்ணாடிப் பிம்பத்தை வேறாகக் கொள்கிறோம். 10 செ.மீ. கருவிக்கு அது தனித்தனி இரு வட்டங்கள், 14க்கு ஒரே வட்டம், 12க்கு 8 என்ற எண்ணின் உருவம். ஃபிரான்ஸ் கிராஷாஃப் 1883இல் தந்த விதி (மிகக் குறுகியது, மிக நீண்டது இரண்டின் கூட்டல் மற்ற இரண்டின் கூட்டலைவிடக் குறைவா என்பது) கிராங்க் எனும் சுழலும் பட்டை முழுச் சுற்று வருமா என்று பார்க்கும் சோதனையாகவே கற்பிக்கப்படுகிறது. அது அடிப்படையில் வெளி எத்தனை துண்டு என்று சொல்லும் இடவியல் தேற்றம் என்பதே என் வாதம். முழுச் சுற்று அதன் விளைவு.

இது வெறும் பெயர்மாற்றமா? நீராவி ரயில் எஞ்சினைப் பார்ப்போம். இரு சக்கரங்களைப் பிணைக்கும் தண்டு ஓர் இணைகரத்தை உண்டாக்குகிறது. அதன் அமைவுவெளி இரு புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும் இரு வட்டங்கள்: ஒன்றில் சக்கரங்கள் ஒரே திசையில் உருளும், மற்றதில் எதிரெதிராக. கிராங்குகளும் தண்டும் சக்கர மையங்களின் கோட்டிலேயே படுக்கும் ஒவ்வொரு முறையும் தடம் மாறும் அபாயம் உண்டு. வண்டியின் மறுபக்கத்துக் கிராங்குகளை 90 பாகை தள்ளி வைத்துவிட்டால், ஒரு பக்கம் படுக்கும் நேரத்தில் மறுபக்கம் தடம் மாற இடங்கொடுக்காது. எந்த நிலையில் நின்றாலும் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காகவும் அந்த 90 பாகை தேவை. ஆனால் கணிதக் கண்ணில் அது செய்யும் வேலை மிக அழகானது: வெட்டுப்புள்ளி உள்ள வெளியிலிருந்து வழுவற்ற ஒரே வட்டத்தை எடுத்துக்கொடுக்கிறது. இயக்கக்கூறு எண் முன்பும் 1, பின்பும் 1.

ஐந்து பட்டைகளுக்குப் போனால் வேறுபாடு இன்னும் வளமாகிறது. எல்லாம் சம நீளம், ஓரலகு எனக் கொள்வோம். அடிப்பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கைகள் தம் விருப்பப்படி சுழலலாம். இரு கோணங்கள் சேர்ந்து மெதுவடையின் மேற்பரப்பைத் தருகின்றன. கைநுனிகளின் இடைவெளி 2ஐ மீறினால் மீதி இரு பட்டைகள் எட்டாது. அந்தப் பகுதி ஒரு வட்டத்தகடு, அதை வெட்டியெறியலாம். நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் நிலைகள் இரண்டு. அங்கே மீதிப் பட்டைகள் ஒட்டி மடிந்து தாராளமாகச் சுழல்வதால், அந்தப் புள்ளிகளும் விளிம்புகளாகத் திறக்கின்றன. ஆக மூன்று ஓட்டையுள்ள வடைப்பரப்பு. முழங்கை இப்புறமா அப்புறமா என்பதற்கேற்ப அதன் இரு பிரதிகளை விளிம்போடு விளிம்பு ஒட்டவேண்டும். ஆய்லர் எண் ஒன்றுக்கு −3, இரண்டுக்கும் −6. மூடிய பரப்பில் ஒவ்வொரு துளையும் இந்த எண்ணை 2இலிருந்து இரண்டிரண்டாகக் குறைக்கும்; ஆகவே கிடைப்பது நான்கு துளையுள்ள மூடிய பரப்பு. நீளங்களை மாற்றினால், பட்டைகள் ஒரே கோட்டில் படுக்காத வரையில், துளை எண் 0 முதல் 4 வரை ஏதேனும் ஒன்றாகவோ, தனித்தனி இரு வடைப்பரப்புகளாகவோ அமையும். ஆறு வெவ்வேறு உலகங்கள். இயக்கக்கூறு எல்லாவற்றுக்கும் 2.

வெளியிலிருந்து நீளங்களுக்குத் திரும்ப முடியுமா? 1985இல் பிரின்ஸ்டனில் இளநிலை ஆய்வேடு எழுதிய கெவின் வாக்கர், அமைவுவெளியின் கோஹோமாலஜி வளையமே (வெளியின் துளைகளைப் பதிவு செய்யும் இயற்கணித அமைப்பு) நீளங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று ஊகித்தார். வரிசை மாற்றத்தையும், வெளியின் வடிவைக் குலைக்காத சிறு மாற்றங்களையும் விட்டுவிட்டால். கால் நூற்றாண்டு கழித்து ஃபார்பர், ஹவுஸ்மான், ஷூட்ஸ் ஆகிய கணிதவியலாளர்களின் ஆய்வுகள் அதை நிறுவின. நீளங்கள் வெளியை ஆள்கின்றன என்பதோடு, வெளியும் நீளங்களை நினைவில் வைத்திருக்கிறது.

வடிவமைப்பாளருக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு ஃபார்பரே 2003இல் விடை வைத்திருக்கிறார். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கும் பாதை சொல்லும் தொடர்ச்சியான விதி, வெளி ஒரு புள்ளியாகச் சுருங்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே உண்டு. நான்கு துளைப் பரப்பு அப்படிச் சுருங்காது. எனவே சம ஐங்கரக் கருவிக்கு எழுதும் எந்தக் கட்டுப்பாட்டு நிரலும் எங்கேனும் தாவியே தீரும். சென்சாரையோ மோட்டாரையோ மாற்றி அதைத் தவிர்க்க முடியாது. அந்தத் தாவலைப் பரப்பின் எந்தப் பகுதியில் வைப்பது, கருவி வழக்கமாக நடமாடாத மூலை எது என்பதை வரைபலகையிலேயே, பட்டை நீளங்களைக் குறிக்கும்போதே முடிவு செய்யவேண்டும்.