மெர்சிங் வானில் சரக்கு விமானங்கள்

ஜொகூரின் கீழ்க்கரையிலே, தியோமான் தீவுக்குப் படகேறும் துறையாக விளங்கும் மெர்சிங்கில், விமானிகளுக்கு வழிகாட்டும் வானொலி நிலையம் ஒன்று உண்டு. வான்வழிப் படங்களில் அதற்கு வி.எம்.ஆர். என்று பெயர். வடதிசையினின்று சிங்கப்பூருக்குச் செல்லும் வழிகளிற் சில அதன் மேலாகவே அமைந்திருத்தலால், கரையில் நின்று அண்ணாந்து பார்ப்போர் பெருஞ் சரக்கு விமானங்களைக் காணுதல் கூடும். கண்ணுக்குக் கொக்களவே தோன்றும் போயிங் 747 சரக்கு விமானம், அதன் கடைசி வகையில், 76 மீட்டர் நீளமுள்ளது. 130 டன்னுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்குவது. அதன் மூக்கே கதவாக மேல்நோக்கித் திறக்கும். 1903-ல் ரைட் சகோதரர் முதன்முதற் பறந்த தூரமோ 37 மீட்டருக்குள் அடங்கும். அம்முதற் பிரயாணம் முழுவதையும் இவ்விமானத்தின் நீளத்திற்குள்ளேயே இருமுறை நடத்திவிடலாம்!

இதனைக் கண்டு வியக்கும் நம்மவரிற் சிலர், "நம் புஷ்பக விமானத்தினும் பெரிதோ?" என்று உடனே கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். பரத்துவாச முனிவர் அருளியதாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தையும் சான்றுக்கு இழுக்கின்றனர். அந்நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர் ஐவர் 1974-ல் நுணுகி ஆராய்ந்தனர். அது 1904-க்கு முற்பட்டதாக இருக்க இயலாதென்றும், அதிற் கூறிய பொறிகள் பறக்கும் தகுதியற்றவை என்றும் முடிவு கூறினர். அவ்வாறிருந்தும் 2015-ல் பம்பாயிற் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டிலேயே பண்டை விமானங்களைப் பற்றி ஒரு கட்டுரை படிக்கப்பட்டது! விஞ்ஞான மேடையிலும் புராணத்துக்குப் பீடம் போடும் நாட்டில் மெர்சிங் கரையில் நிற்பவரை மட்டும் நொந்து பயனென்ன?

மெய்யான வரலாற்றில் இந்தியாவுக்கு இடமில்லாமற் போகவில்லை. 1911 பிப்ரவரி 18-ல் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்துகொண்டு அலகாபாத்தினின்று யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகில் அரசாங்க அனுமதியுடன் நடந்த முதல் விமானத் தபால் அதுவேயாகும். புஷ்பக விமானம் பேசுவோர் இதைப் பேசக் கேட்டோமில்லை.

மெர்சிங் வானம் வேறு விமானங்களையும் அறியும். 1942 ஜனவரி 26-ல், இவ்வூருக்கு வடக்கேயுள்ள எண்டாவில் ஜப்பானியர் இறங்கினர். அவர்தம் கப்பல்களில் வந்த சரக்கு யாது? கஹாங், குளுவாங் விமானத் தளங்களை நடத்துதற்குரிய பொருள்களும் ஆட்களுமே. அவற்றைத் தாக்கச் சிங்கப்பூரினின்று ஏவப்பட்டவை இரட்டை இறக்கை கொண்ட பழைய வில்டிபீஸ்ட் விமானங்கள். வேகமுமில்லை, தற்காப்புமில்லை. பட்டப்பகலில் இரண்டு தொகுதியாகச் சென்றவற்றுள் பத்து வில்டிபீஸ்ட்கள் வீழ்ந்தன. இறக்குமதி நின்றபாடில்லை. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

அதன்பின் நேர்ந்ததை மலாயாத் தமிழர் மறத்தல் இயலாது. பர்மாப் படைக்குச் சரக்கனுப்பக் கடல்வழி ஆபத்தானதென்று கண்ட ஜப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடத் துணிந்தனர். தோட்டங்களில் ரப்பர்ப்பால் எடுத்து வாழ்ந்த நம் மக்கள் ஆசை காட்டியும் அதட்டியும் ரயிலேற்றப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டனர். முன்பு கப்பலில் தலையெண்ணி இறக்கப்பட்டவர்கள் இப்போது ரயிலில் தலையெண்ணி ஏற்றப்பட்டார்கள். எத்தனை தலைகள் திரும்பின என்று எண்ணுவதற்கு மட்டும் எவருக்கும் பொழுதில்லை. வெள்ளைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவரிற் பெரும்பாலோர் பெயரின்றிப் புதையுண்டனர்.

1943 அக்டோபரில் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அரிசியும் வெடிமருந்தும் அதில் ஓடின. இன்று மெர்சிங்குக்கு மேலே 130 டன் சரக்குடன் கடந்து செல்லும் விமானத்தை ஓட்ட இரண்டே பேர் போதும்.