ஒரு கல் குறைகிறது

சண்டை ஒரு மாணிக்கத்தில்தான் ஆரம்பித்தது. அம்பத்தூரில் என் வீட்டு மாடி அறையில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். தெரியாதவர்களுக்கு: திரை கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது. ஒருவர் கதை சொல்லுவார், மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். மீதியெல்லாம் தாளும் பென்சிலும் முறுக்கும்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு குள்ளர் அரசனின் கல்லறையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு மாணிக்கம் எடுத்திருந்தோம். இப்போது ஒரு கப்பல் தலைவனுக்கு மீட்புப் பணம் கொடுக்க அது வேண்டும். ஆவடிக்காரன் என்னைப் பார்த்து, "உங்கிட்டதான்டா இருந்துச்சு" என்றான். பூந்தமல்லிக்காரன், "அத அப்பவே வித்துட்டோம்ல?" என்றான். எனக்கோ அப்படி ஒரு கல் எடுத்ததே மங்கலாகத்தான் நினைவிருந்தது. கதை சொல்லுகிறவர் பத்து நிமிஷம் எங்களைக் கத்தவிட்டார். பிறகு, "யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை. "அப்ப இல்ல" என்றார். அவ்வளவுதான். கப்பல் போய்விட்டது.

அன்று முதல் குழுவின் பொக்கிஷக் கணக்கு என் தலையில். நான் வாரத்தில் ஐந்து நாள் கிடங்குகளுக்கான இருப்பு மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்தேன்.

இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு பேர் எழுதியது. கைகாக்ஸ் அதற்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அபாயத்தை எடைபோட்டுப் பார்க்கும் வேலையில் இருந்தவர். அந்தப் பழைய விதிகளைப் படித்தால் அது தெரிகிறது. டிராகன் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. ராட்சசனைக் கொன்றால் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆக, ஆட்டத்தின் உண்மையான கேள்வி 'கொல்ல முடியுமா' என்பதில்லை, 'தூக்கிக்கொண்டு வர முடியுமா' என்பது. அதனால்தான் 1974 விதியில் சுமையின் அலகே காசு. ஓர் ஆள் அதிகபட்சம் 3,000 காசு எடை தூக்கலாம், அப்போது பாதி வேகத்தில்தான் நடக்க முடியும்.

1978 பதிப்பில் பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. நம்மூர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒரு காசு சுமார் 45 கிராம். அதாவது ஐந்தரைப் பவுனுக்கு மேல்! ஒரு காசில் ஒரு தாலிக்கொடியே செய்துவிடலாம். பிறகு யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் 50 காசு ஒரு பவுண்டு என்றாகி, ஒரு காசு ஒரு பவுனும் கொஞ்சமும் என்று இறங்கியது. காசுக்கு அனுபவம் என்பதை 1989இன் இரண்டாம் பதிப்பு விருப்ப விதியாக ஓரம் கட்டியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது இல்லை. பொக்கிஷத்தின்மேல் இருந்த பசி அதோடு குறைந்தது என்பது என் கட்சி. புள்ளி கிடைக்காத பொருளை யார் எழுதுவார்கள்? இப்போது பல மேசைகளில் 'அது இருக்குன்னு வச்சுக்குவோம்' என்பதுதான் கணக்கு.

ஸ்பிரெட்ஷீட்டுக்கு என்னென்ன பத்தி வைப்பது என்று யோசித்தபோதுதான் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவில் பெரிய கோயில் அதிட்டானத்தில் ஓடும் எழுத்துகளை விரலால் தடவியபடி நடந்திருக்கிறேன், கையை எடுடா என்று திட்டும் வாங்கியிருக்கிறேன். அது என்ன எழுத்து என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஏதோ மந்திரம் அல்லது மன்னர் புகழ் என்று நினைத்திருந்தேன். மெய்க்கீர்த்தி இருக்கிறதுதான். ஆனால் பெரும்பகுதி இருப்புப் பட்டியல்.

ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890களில் பதிப்பிக்கத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி இந்தக் கோயில்தான். இரவு பதினொரு மணிக்கு 'சும்மா பார்ப்போம்' என்று திறந்தவன் மூன்று மணிக்குத்தான் படுத்தேன். தான் கொடுத்தது, தன் அக்கன் குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் வாய்மொழியாக இட்ட ஆணையோடு அது தொடங்குகிறது. தேதி, அவன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு 20ஆம் நாள். உள்ளே பதிவுகளும் இப்படியே நாள் எண்ணோடு வருகின்றன. 25ஆம் ஆண்டு 275ஆம் நாள், விமான உச்சியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்று, எடை 3,083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைப் பாருங்கள். கழஞ்சு ஐந்து கிராம் சுற்று என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 14 கிலோவுக்கு மேல் தங்கம். அதில் இரண்டரைக் கிராமை விட மனசில்லை.

எடைக்கல்லுக்கே பெயர் உண்டு. பொன் நிறுக்க 'ஆடவல்லான்' என்ற கல், மணிகள் நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல். இரண்டும் அந்தக் கோயில் தெய்வங்களின் பெயர்கள். எந்தப் பொருளை எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்று பதிவிலேயே இருக்கிறது. நாளை யாராவது வந்து 'உன் தராசு வேற, என் தராசு வேற' என்று சொல்ல முடியாது. கழஞ்சுக்கு இருபது மஞ்சாடி, மஞ்சாடிக்கு இரண்டு குன்றி. நாம் 'வீட்டுல குந்துமணித் தங்கம் இல்ல' என்கிறோமே, அதே குன்றி. பட்டியல் அதற்கும் கீழே பின்னங்களுக்குப் போகிறது.

ஆனால் என்னை எழுந்து உட்கார வைத்தது எடை இல்லை, முத்துகள். 'முத்து இத்தனை' என்று எழுதிவிட்டுப் போகவில்லை அந்தக் கணக்கர்கள். வட்டமுத்து, அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீரோட்டம் உள்ளது, சிவந்த நீரோட்டம் உள்ளது என்று வகை பிரிக்கிறார்கள். வைரத்தில் எது சப்பை, எதில் சிவப்புப் புள்ளி, எதில் கறுப்புப் புள்ளி, எது விரிசல் என்று சொல்லுகிறார்கள். மாணிக்கத்தில் குழி, வெட்டு, பொத்தல். நகையின் கொக்குவாயும் படுகண்ணும்கூட எண்ணப்படுகின்றன. மொத்த எடையில் அரக்கும் சட்டமும் அடக்கம் என்றால் அதையும் சொல்லிவிடுகிறார்கள். பிறகு காசில் விலை.

கொடையாளி தன் பெருமைக்காக எழுதியிருந்தால் குறைகளை ஏன் எழுத வேண்டும்? 'சாமிக்கு விரிசல் விழுந்த வைரம் கொடுத்தேன்' என்று ஆயிரம் வருஷத்துக்குக் கல்லில் போட்டுக்கொள்ள யார் விரும்புவார்? நல்ல முத்து எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கலாம். கறுப்புப் புள்ளி உள்ள வைரத்தை அப்படி மாற்ற முடியாது, மாற்றினால் தெரியும். அந்தப் பட்டியலை எழுதினவர்கள் பக்தருக்காக எழுதவில்லை. பின்னால் எண்ணிப் பார்க்கப்போகிறவனை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். பொக்கிஷத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதிலும் இதே சந்தேகப் புத்தி. பிராமண ஊர்கள் அனுப்ப வேண்டிய பண்டாரிகள் நிலமோ, உறவோ, முதலோ உள்ளவர்களாக இருக்க வேண்டும். பொருள் காணாமல் போனால் பிடிக்க ஏதாவது வேண்டுமே.

(விளக்குக்குக் கொடுத்த ஆடுகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு விளக்குக்கு 96 ஆடு. மேய்க்கிறவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழண்டாலும் குட்டிகளால் ஈடுகட்டி எண்ணிக்கையை 96ஆகவே வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆட்டுக்குச் சோழர் காலத்துப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! எங்கள் விளையாட்டில் எந்த மந்திரவாதியும் இதைவிட நல்ல மந்திரப் பொருள் வைத்திருக்கவில்லை.)

இந்த இடத்தில் அம்மாவின் டாலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார், ஆர்டர் இல்லாமல் மூன்று மாதம் பாதிச் சம்பளம். செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மா கல் டாலர் வைத்த செயினை ஓர் அடகுக் கடையில் வைத்தாள். ஒன்றரை வருஷம் வட்டி கட்டி மீட்டபோது நானும் கூடப் போயிருந்தேன். கல்லாவிலேயே அம்மா டாலரைத் திருப்பிப் பார்த்தாள். பதினோரு சிவப்புக் கல்லில் ஒன்று இல்லை. குழி மட்டும் இருந்தது.

"அப்பவே அப்படித்தாங்கம்மா இருந்திருக்கும்" என்றார் கடைக்காரர். குரலில் கோபம்கூட இல்லை. சீட்டை எடுத்துப் பார்த்தோம். 'கல் டாலர் செயின் 1' என்று இருந்தது. மொத்த எடை, கல் கழிவு, நிகர எடை. எல்லாம் கிராமுக்கு ஒரு தசமம் வரை. தராசில் வைத்துக் காட்டினார், அதே எடை. அந்தக் கல்லின் எடை தசமத்துக்குள் மறைந்துவிட்டது. ஒரு குன்றி என்பது சுமார் 0.12 கிராம் என்று கணக்குப் போட்ட அந்த ராத்திரி எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது. அவர் எடுத்தாரா, விழுந்ததா, எனக்கு இன்றும் தெரியாது. அம்மா எதுவும் பேசாமல் செயினைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் மட்டும் ஒருமுறை, "பதினொண்ணுதான்டா. நான் தினம் தொட்டுப் பாத்தது" என்றாள். தொட்டுப் பார்த்ததற்குச் சீட்டு ஏது?

பட்டியலின்மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது? ராஜராஜனே சொல்லிவிடுகிறான். மலைநாட்டில் சேரனையும் பாண்டியரையும் வென்று எடுத்த பண்டாரங்களிலிருந்து கொடுத்தது இவ்வளவு. மேலைச் சாளுக்கியன் சத்தியாசிரயனை வென்று திரும்பிச் சுவாமி பாதத்தில் இட்ட பொற்பூ இவ்வளவு. எங்கள் விளையாட்டுப் பாஷையில் சொன்னால் லூட். அதே படையெடுப்புக் காலத்தில், 1007 வாக்கில், சத்தியாசிரயன் பக்கத்துக் கல்வெட்டு ஒன்று கர்நாடகத்தின் ஹொட்டூரில் இருக்கிறது. அது சோழப்படை நாட்டைச் சூறையாடியதையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் சொல்லுகிறது. எதிரி எழுதியது, மிகை இருக்கலாம். ஆனாலும் தஞ்சைச் சுவரை மட்டும் படித்தால் பொற்பூவின் எடை தெரியும், ஹொட்டூரையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் விலை தெரியும். குள்ளர் அரசனின் கல்லறையைக் காலி செய்தபோது எங்கள் மேசையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும்தான்.

இன்று அந்த நகைகள் எதுவும் கோயிலில் இல்லை. படையெடுப்புகள், அரச மாற்றங்கள், ஆயிரம் வருஷம். சுவர் மட்டும் நிற்கிறது. ஆனால் சுவர் நிற்பது வீணும் இல்லை. கோயில் அதிகாரியாக இருந்த ஒருவர் ராஜராஜனுக்கும் தேவி உலோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்ததாக ஒரு கல்வெட்டு, உயரத்தை முழத்திலும் விரலிலும் தோரையிலும் அளந்து சொல்லுகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் கோயிலிலிருந்து போய்விட்டவை என்று சொல்லி, 2018இல் சிலைத் தடுப்புப் பிரிவு போலீஸார் அகமதாபாத்தின் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு சிலைகளைத் தஞ்சைக்கு மீட்டு வந்தார்கள். அவை உண்மையில் அந்தச் சிலைகள்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அந்தச் சண்டையே பிடித்திருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் யாரோ விரல்கடை வைத்து அளந்ததால்தான் இன்று 'இது அது இல்லை' என்று சொல்லக்கூட முடிகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு அப்படிக் கல்வெட்டு உதவவில்லை, புகைப்படம் உதவியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியிருந்த சிலை அதுதான் என்று காட்டினார்கள். 2014இல் திரும்பி வந்தது. படமும் அளவும் இல்லாமல் போன சிலைகளைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. யாரிடமும் இருக்காது.

எங்கள் ஸ்பிரெட்ஷீட்டில் இப்போது ஒன்பது பத்தி. பொருள், எண்ணிக்கை, எடை, எந்தத் தேதி ஆட்டம், யாரிடமிருந்து எடுத்தது, யார் கையில், விலை, எடைபோட்டது யார், கடைசியாகக் 'குறை'. பூந்தமல்லிக்காரன் கிண்டல் செய்கிறான், ஆனால் போன வாரம் தன் வாளில் ஒரு நெளிவு இருப்பதாக அவனே எழுதிச் சேர்த்திருக்கிறான்.

ஒரு நாள் அம்மா டீ கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நெஜமாடா?" என்று கேட்டாள். இல்லை, விளையாட்டு என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். இரவு சாப்பிட்டபின் பீரோவைத் திறந்து இருப்பதையெல்லாம் கட்டில்மேல் பரப்பினாள். அதிகமில்லை. நான் புதிதாக ஒரு தாள் திறந்தேன். வளையல் இரண்டு, ஒன்றின் உள்பக்கம் நெளிவு. தோடு ஒரு ஜோடி, வலது திருகு மாற்றியது. ஒவ்வொன்றையும் போனில் முன்னும் பின்னும் படம் எடுத்தோம். கடைசியாக டாலர். கல் பத்து என்று தட்டச்சு செய்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் படித்தாள்.

"குழி பதினொண்ணு, அதையும் போடு" என்றாள்.