சுருதிக்குச் சான்று எது?

பாறசாலை பொன்னம்மாள் (1924–2021), நெய்யாற்றின்கரை வாசுதேவன் ஆகியோரின் கச்சேரி நாடாக்களை எல்லையோர ஊர்களில் திரட்ட முனைவோருக்கு ஒரு ஜாஸ் இசைத்தட்டின் வரலாறு பயன்படும். மைல்ஸ் டேவிஸின் அறுவர் குழு 1959இல் பதிந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதற்பக்கத்துக்குரிய நாடா சற்றே மெதுவாக ஓடியது; அதனால் இசைத்தட்டில் சுருதி உயர்ந்து ஒலித்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் உலகம் அதையே சரியென்று கேட்டது. உடன் ஓடிய மாற்று நாடாவைக்கொண்டு 1992 மறுவெளியீடு பிழையைத் திருத்தியது.

நம் கச்சேரியும் சிறுகுழு இசைதான். ஆனால் வீட்டுப் பதிவுகளுக்கு மாற்று நாடா ஏது?

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதற்பெண் பொன்னம்மாள். ஆண்டு 2006, வயது 81. (அத்தனை காலத் தாமதம் தனியே எழுதத்தக்கது.) அவருடைய முந்தைய குரலோடு அதை ஒப்பிட்டு, வயதால் சுருதி இறங்கியது என்று எழுதுமுன் நாடாவின் வேகத்தை அளந்தாக வேண்டும். மின்சாரத்தில் இயங்கிய கருவியெனில் பதிவின் அடியில் 50 ஹெர்ட்ஸ் முரலொலி இருக்கக்கூடும். அது 53ஆக ஒலித்தால் பாட்டும் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறியிருக்கிறது. மின்னோட்டமே அக்காலத்தில் நிலையாக இராததால் இது ஓரளவுச் சான்றுதான். தம்புராவையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும்.

பதிவைத் ‘தூய்மை’ செய்வோர் முதலில் துடைத்தெறிவதும் இந்த முரலொலியைத்தான்.