உழைத்த காசும் உட்கார்ந்த காசும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் வருமான வரிக் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

"உமக்கென்ன ஓய், டிவிடெண்டு வீடு தேடி வருகிறது. நான் காலையில் ஓடி, சாயங்காலம் வரை மாரடித்து வாங்குகிற சம்பளத்தில் அல்லவா சர்க்கார் கை வைக்கிறது?" என்பார் ஒருவர்.

"பங்கு வாங்கின பணம் ஆகாசத்திலிருந்தா விழுந்தது? அதுவும் முப்பது வருஷம் மாரடித்துச் சேர்த்ததுதான் ஐயா!" என்பார் மற்றவர்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால், காபி வந்த பிறகுதான் சண்டை ஓயும்.

இதே சண்டையை இங்கிலாந்துக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அதுவும் பார்லிமெண்டில் வைத்து.

அங்கே வருமான வரி பிறந்தது 1799-ல். பிரெஞ்சு யுத்தத்துக்குப் பணம் தேவைப்பட்டது. பிரதம மந்திரி வில்லியம் பிட் ஜனங்களின் பையைத் தடவிப் பார்த்தார். ஆனாலும் மனுஷர் ஈரமில்லாதவர் அல்ல. வருஷத்துக்கு 60 பவுண்டுக்குக் குறைவாக வருகிறவனைத் தொடுவதில்லை என்று ஒரு கோடு கிழித்தார். இன்று தனிநபர் விலக்கு என்கிறோமே, அதற்குப் பாட்டனார் இந்தக் கோடுதான். 60 பவுண்டுக்காரன் பத்து ஷில்லிங் கட்டினான். 200 பவுண்டுக்காரன் 20 பவுண்டு கட்டினான். பணம் உழைத்து வந்ததா, உட்கார்ந்து வந்ததா என்று பிட் கேட்கவில்லை.

1803-ல் அடிங்டன் இன்னொரு யுக்தி செய்தார். பணம் உன் கைக்கு வருவதற்கு முன்பே, கொடுக்கிறவனிடம் வரியைப் பிடித்துக்கொள்வது! வரி விகிதத்தைப் பாதியாகக் குறைத்தும் வசூல் ஏறக்குறைய அப்படியே இருந்ததாம். யுத்தம் ஓய்ந்ததும், 1816-ல், பார்லிமெண்டு இந்த வரியை ஒழித்து, கணக்குகளையும் அழித்துவிடச் சொன்னது. என்ன செய்வது? அவற்றின் பிரதிகள் வேறொரு காரியாலயத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. 1842-ல் ராபர்ட் பீல், "மூன்று வருஷத்துக்கு மட்டும்" என்று வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். 150 பவுண்டு வரை விலக்கு. அந்த மூன்று வருஷம் இன்னும் முடியவில்லை.

இங்கேதான் சண்டை சூடு பிடித்தது. ஒரு டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 300 பவுண்டு சம்பாதிக்கிறார். மழையிலும் பனியிலும் நோயாளிகளைப் பார்க்க அலைகிறார். நாளைக்கு அவரே படுத்துவிட்டால் வருமானமும் கூடவே படுத்துவிடும். அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே 300 பவுண்டு. ஆனால் ரயில்வேப் பங்குகளிலிருந்து. அவர் படுத்தாலும், பரலோகமே போனாலும், பங்குகள் பாட்டுக்குக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே வரியா? ஆயுளோடு முடிகிற வருமானத்திலிருந்து ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கென்று மிச்சம் பிடித்தாக வேண்டும், ஆகவே அவனுக்கு வரி குறைவாக இருப்பதுதான் நியாயம் என்று வாதித்தார் ஜான் ஸ்டூவர்ட் மில். 1851-ல் ஜோசப் ஹியூம் தலைமையில் ஒரு கமிட்டி கூடி இதை அலசியது.

கிளாட்ஸ்டன் மட்டும் அசையவில்லை. இப்படிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் வரியின் கட்டுக்கோப்பே குலைந்துவிடும் என்பது அவருடைய பயம். 1860-க்குள் வரியையே ஒழித்துவிடுவதாக வேறு 1853-ல் திட்டம் போட்டிருந்தார். கிரிமிய யுத்தம் வந்து அதைக் குலைத்தது. ஆனால் ஒன்று செய்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு விலக்குக் கொடுத்தார். நாமும் பிரீமிய ரசீதை ஆபீசில் நீட்டிப் பழகியவர்கள்தானே! அவருடைய கஜானா இலாகாவில் காரியதரிசியாயிருந்த ஜேம்ஸ் வில்ஸன்தான் இந்தியாவுக்கு வந்து, 1860-ல் நம் தலையிலும் இந்த வரியை வைத்தார். அதைப் பகிரங்கமாக எதிர்த்த சென்னைக் கவர்னர் டிரெவெல்யன் பதவியை இழந்தார். அது தனிக் கதை.

டாக்டருக்கு நியாயம் கிடைக்க 1907 ஆயிற்று. மொத்த வருமானம் 2,000 பவுண்டுக்கு மேற்படாதவர்களுக்கு, உழைத்த காசில் பவுண்டுக்கு 9 பென்ஸ், மற்றதில் ஒரு ஷில்லிங் என்றார் ஆஸ்க்வித். 300 பவுண்டில் 160 பவுண்டு விலக்கு; மீதி 140. டாக்டர் கட்ட வேண்டியது 5 பவுண்டு 5 ஷில்லிங். பங்குக்காரர் கட்ட வேண்டியது 7 பவுண்டு. 1909-ல் லாயிட் ஜார்ஜ், 500 பவுண்டுக்கு மேற்படாத வருமானக்காரர்களுக்குக் குழந்தை ஒன்றுக்குப் பத்துப் பவுண்டு விலக்குக் கொடுத்தார். டாக்டருக்கு மூன்று குழந்தைகள் என்றால் வரி 4 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸாக இறங்கும்.

நல்லது. அந்த டாக்டர் இறந்துபோகிறார். அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் பங்குகளாக இருக்கிறது. அதிலிருந்து வருகிற 300 பவுண்டில் அவர் மனைவி ஜீவிக்கிறாள். இப்போது அது உட்கார்ந்த காசு! கம்பெனி முதலிலேயே பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் வீதம் 15 பவுண்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அவள் கட்ட வேண்டியது 7 பவுண்டுதான். பாக்கி 8 பவுண்டை மனுப் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். மில் யாருக்காக மிச்சம் பிடிக்கச் சொன்னாரோ, அவளேதான் அதிக வரி கட்டுகிறாள். எனக்கு இந்தச் சட்டத்தில் பொறுக்க முடியாத இடம் இதுதான். திண்ணையில் டிவிடெண்டுக்காரர் கட்சிக்கு நான் சாய்வதும் இதை நினைத்துத்தான்.

பிறகு 1920-ல் உழைப்புக்கென்று தனி விலக்கு வந்தது. 1973-ல் அது போய், முதலீட்டு வருமானத்துக்கு மேல்வரி வந்தது. 1984-ல் லாஸன் அதையும் எடுத்துவிட்டார். இப்படியே போய், கதை தலைகீழாயிற்று. 2024-25 கணக்கைப் பாருங்கள். ஒருவருக்குச் சம்பளம் 12,000 பவுண்டு, டிவிடெண்டு 3,000. தனிநபர் விலக்கு 12,570. சம்பளம் முதல் பந்தியில் உட்கார்ந்து 12,000-ஐச் சாப்பிட்டுவிடும். மீந்த 570 டிவிடெண்டுக்கு. அதற்கென்றே தனியாக இன்னொரு 500. 2016-ல் 5,000 பவுண்டாக இருந்த இந்தச் சலுகை தேய்ந்து தேய்ந்து 500-க்கு வந்திருந்தது. பாக்கி 1,930-க்கு நூற்றுக்கு எட்டே முக்கால் வீதம் சுமார் 169 பவுண்டு வரி. அதுவே சம்பளமாக வந்திருந்தால் நூற்றுக்கு இருபது! தேசிய இன்ஷூரன்ஸ் சந்தா வேறு.

லாபத்தின் மேல் கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிவிட்டது என்பது இதற்குச் சமாதானம். ஆனாலும் அந்த ஊர்த் தச்சனும் குழாய் ரிப்பேர்க்காரனும் சும்மா இருப்பார்களா? தாங்களே ஒரு கம்பெனி ஆகி, தங்களுக்குத் தாங்களே விலக்கு அளவுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு, மீதியை டிவிடெண்டாக எடுத்துக்கொண்டார்கள். குழாயைத் திருகிய கை ஒன்றுதான். அது சம்பாதித்த காசுக்குத்தான் இரண்டு பெயர்.

இதைத் திண்ணையில் சொன்னேன். சம்பளக்காரர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் ஓய், ஒரு கம்பெனி ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்?" என்று டிவிடெண்டுக்காரரைக் கேட்டார்.