ஆள் பலத்தில் நகர்ந்த வீடுகள்

மனிதன் தன் வீட்டைச் சக்கரத்தின் மீது ஏற்றிய சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் குதிரையையும் மோட்டாரையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எத்தனை மைல் ஓடி வந்த வண்டியாயினும், இழுத்து வந்த பிராணியையோ யந்திரத்தையோ அவிழ்த்து விட்ட பிறகு, வேலிக்கும் மரத்துக்கும் இடையே அதை உரிய இடத்தில் கொண்டு நிறுத்தும் கடைசிப் பத்தடியை ஆட்களின் தோளும் கையுமே கடத்த வேண்டியிருந்தது என்பதை அவர்கள் அவ்வளவாகக் கவனித்ததில்லை. முகாம் வண்டியின் வளர்ச்சியை, இன்று நாம் கேரவன் என்று சொல்லும் அந்தச் சக்கர வீட்டின் வளர்ச்சியை, அந்தப் பத்தடியில் நின்று பார்த்தால்தான் உள்ளபடி விளங்கும் என்பது என் துணிபு.

பத்தடி என்ன, ஆயிரத்து முந்நூறு மைலையும் ஆள் பலத்தாலேயே கடந்த ஒரு கூட்டம் உண்டு. 1856-ஆம் ஆண்டு தொடங்கி 1860 வரையில், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் வந்திறங்கிய மார்மன் சமயத்து ஏழைகள் ஏறத்தாழ 3,000 பேர், எருதும் பெருவண்டியும் வாங்கத் திரவியம் இல்லாத காரணத்தால், அவர்களுடைய தலைவரான பிரிகாம் யங் வகுத்த திட்டப்படி, இரண்டு சக்கரம் கொண்ட கைவண்டிகளில் தம் உடைமைகளை ஏற்றிக்கொண்டு பத்துக் குழுக்களாகப் பிரிந்து நடந்தார்கள். முதலில் கிளம்பியவர்கள் ரயில் பாதை அப்போது முடிந்த இடமான அயோவா சிட்டியில் வண்டியைக் கையில் எடுத்து, மலைகளுக்கு அப்பால் இருந்த சால்ட் லேக் நகரம் வரையில் இழுத்தார்கள். ஐந்து பேருக்கு ஒரு வண்டி. வளர்ந்தவர் ஒருவருக்கு 17 பவுண்டு சாமான். இருபது பேருக்கு ஒரு கூடாரம். பாரம் அற்பமே. ஆனால் அவசரத்தில் உலராத மரத்தால் செய்த சக்கரங்கள் வறண்ட சமவெளியின் காற்றில் சுருங்கிக் கழன்றன. குடத்துக்குள் புகுந்த மணல் மர அச்சை அரம்போல் தின்றது. அச்சுக்குத் தோலையும் தகரத்தையும் சுற்றி, தின்பதற்கு வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் துவைப்பதற்கு வைத்திருந்த சோப்பையும் மசகாகத் தடவினார்கள். 1856-இல் காலந்தாழ்த்திப் புறப்பட்ட வில்லி, மார்ட்டின் என்பாரின் இரு குழுக்கள் அக்டோபர் மாதத்துப் பனியில் சிக்கி, இருநூறுக்கும் அதிகமானோர் வழியிலேயே மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பனியும் தாமதமும் மூல காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கையால் இழுக்கும் வண்டிக்கு நிறையைக் குறைத்தால் மட்டும் போதாது, சக்கரமும் அச்சும் தடையின்றிச் சுழல வேண்டும் என்பதை அந்த யாத்திரிகர்கள் எவ்வளவு பெரிய விலை கொடுத்து அறிந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இதற்கு ஒரு தலைமுறைக்குப் பின், வறுமையினால் அன்றி உல்லாசத்தின் பொருட்டே வீட்டைச் சக்கரத்தில் ஏற்றியவர் இங்கிலாந்தில் வாழ்ந்த டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பேர் பெற்ற அவர், 1885-இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்தார். மகாகனி மரத்தால் இழைத்த, 18 அடி நீளமுள்ள அந்த மாளிகையின் நிறை ஏறக்குறைய இரண்டு டன். இரட்டைக் குதிரை பூட்டி, எதிரே வருவோரை எச்சரிக்கும்பொருட்டு முச்சக்கர மிதிவண்டியில் ஏவலாள் ஒருவனை முன்னால் அனுப்பி, அவ்வாண்டுக் கோடையில் டுவைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரையில் அவர் பிரயாணம் செய்தார். பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைப் போற்றுவது நியாயமே. ஆனால் இரும்புப் பட்டை அடித்த நான்கு சக்கரங்கள் மீது இரண்டு டன் பாரம் ஈரமான புல்வெளியில் நின்றுவிட்டால், குதிரைகளை அவிழ்த்த பிறகு, வண்டிக்காரனும் ஏவலாளும் எஜமானரும் சேர்ந்து தள்ளினாலும் அது அசைந்து கொடுத்திருக்காது. எங்கே குதிரை நின்றதோ அங்கேதான் அன்றைய இரவு.

இந்த நிலைமையை மாற்றியவை இரண்டு. 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த ரப்பர் டயர் ஒன்று. நான்கு சக்கரத்தை இரண்டாகக் குறைத்து, மோட்டாருக்குப் பின்னால் பூட்டத்தக்க இலேசான உடலைச் செய்தது மற்றொன்று. முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1919-இல், பர்மிங்காமில் எக்கிள்ஸ் என்ற நிறுவனத்தை ரைலி குடும்பத்துத் தந்தையும் மகனும் வாங்கி, கார் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

இலேசுக்கு எல்லை கண்டவர்கள் என்று நான் கருதுவது கலிபோர்னியாக்காரர்களை. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் நிர்மாணத்தை மேற்பார்வை செய்தவரும், யந்திரமில்லாத சறுக்கு விமானங்கள் கட்டுவதில் நிபுணருமான ஹாலி பவ்லஸ், 1934-இல், விமானம் செய்யும் முறையிலேயே, அலுமினியக் கலவைத் தகட்டைத் தறையாணி அடித்து இணைத்து, தகடே சட்டமாகவும் சுவராகவும் நிற்கும்படி ஒரு கேரவனைச் செய்தார். அவருடைய வியாபாரம் நிலைக்கவில்லை. அந்த அமைப்பைத் தழுவி, ஏர்க்காலுக்கு மேலே முன்புறத்தில் இருந்த வாசலைப் பக்கத்துக்கு மாற்றி, 1936-இல் 'கிளிப்பர்' என்ற வண்டியை வெளியிட்டார் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வாலி பயாம். 1947-இல் அந்த நிறுவனம் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு: ஆல்ஃபிரட் லெத்தூர்னர் என்ற பிரெஞ்சு மிதிவண்டி வீரர், தம் மிதிவண்டியின் பின்னால் ஒரு முழு கேரவனைப் பூட்டி இழுக்கிறார். 1941-இல் ஒரு காரின் பின்னே, காற்றின் தடை நீங்கிய இடத்தில், மணிக்கு 108.92 மைல் வேகத்தில் மிதித்தவர் அவர். சாமானியக் கால் அல்ல. விளம்பரத்துக்கென்றே எடுத்த படந்தான். ஆயினும், ஒரு குடும்பம் படுத்து உறங்கும் வீட்டை ஒற்றை மனிதனின் தேக பலம் நகர்த்த வல்லது என்று அதைப்போல் பிரத்தியட்சமாகக் காட்டியது வேறொன்றும் இல்லை என்பேன். மார்மன் யாத்திரிகர்களின் உலராத மரத்துக்கும் இந்த வெள்ளி உடலுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதில் மாயம் எதுவுமில்லை. காற்று நன்றாக அடைத்த டயரில் நிற்கும் 1,000 கிலோ வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் உருட்டிக்கொண்டே போக 15 கிலோ அளவு விசை போதும். முதல் அசைவுக்குச் சற்று அதிகம். ஆனால் இருபதடிக்கு ஓரடி ஏறும் சரிவு வந்தால் அதன்மேல் இன்னும் 50 கிலோ கூடிவிடுகிறது. புல்லிலும் மணலிலும் இந்தக் கணக்கே வேறு. எனவே அநுபவசாலிகள் அவசரப்படுவதில்லை. முதலில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகே காரிலிருந்து கழற்றுகிறார்கள். வண்டி ஆடாதிருக்க நான்கு மூலைகளிலும் ஊன்றிய கால்களைச் சுழற்றி மேலேற்றி, ஏர்க்காலின் முனையிலுள்ள சிறு உருளைச் சக்கரத்தை இறக்கி, முன்பாரம் அதிகமாகி அந்தச் சிறு சக்கரம் மண்ணில் புதையாதபடி உள்ளிருக்கும் சாமான்களைப் பின்னே தள்ளி வைக்கிறார்கள். பாரம் பின்னுக்கு மிஞ்சினால் ஏர்க்கால் வானைப் பார்க்கும். அந்த நிதானத்தை நம் மாட்டுவண்டிக்காரரைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்வார். ஈரத் தரையானால் சக்கரத்துக்குக் கீழே பலகை. பிறகு ஒருவர் ஏர்க்காலைப் பிடித்து வழிகாட்ட, மற்றவர்கள் பின்மூலைகளில் பதித்திருக்கும் கைப்பிடிகளைப் பற்றித் தள்ளுகிறார்கள்; மெல்லிய தகட்டில் உள்ளங்கையை ஊன்றினால் அது குழிந்துவிடும் என்பதற்காகவே அந்தக் கைப்பிடிகள் பிறந்தன. நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்ப வேண்டுமானால், ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து அதை அசையாமல் நிறுத்திவிட்டு, ஏர்க்காலைப் பக்கவாட்டில் தள்ளினால் போதும். மற்றச் சக்கரம் வட்டமிட்டு வர, வீடு முழுவதும் அந்த ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றித் திரும்புகிறது. நம் தேர்கள் மாடவீதி முனையில் திரும்பும்போது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் செய்வதும் இந்த வித்தையின் இனத்தைச் சேர்ந்ததே. சரிவில் இறக்கும்போது மட்டும் யாரும் வண்டிக்குக் கீழ்ப்புறத்தில் நிற்கலாகாது. கைப்பிரேக்கை ஒருவர் விட்டு விட்டுப் பிடிக்க, கட்டையோடு இன்னொருவர் கூடவே நடக்க வேண்டும்.

பிற்காலத்தில் குளிர்சாதனமும் குளியலறையும் நீர்த்தொட்டியும் ஏறி, பெரிய கேரவன்களின் நிறை 1,500 கிலோவைத் தாண்டிவிட்டது. பவ்லஸும் பயாமும் அவுன்ஸ் அவுன்ஸாகக் குறைத்ததைப் பின்வந்தவர்கள் மணங்கு மணங்காகத் திருப்பி ஏற்றிவிட்டார்கள் என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குப் பரிகாரமாக, மின்கலத்தால் இயங்கும் மோட்டார் உருளை ஒன்று டயரோடு அழுந்தி நின்று சக்கரத்தைச் சுழற்றும் சாதனம் வந்து, முதியவர்களும் தனித்துச் செல்வோரும் கையிலுள்ள பொத்தானை அழுத்தியே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த வழி பிறந்தது. அது பெரும் உபகாரம். முதுகு நொந்தவர்கள் அதை வாழ்த்துவார்கள். அந்தச் சாதனமும் தன் பங்குக்கு 30 கிலோ அளவு பாரத்தை வண்டியில் சேர்க்கிறது. மின்கலம் இறங்கிவிட்டால், திருகுசாவியால் உருளையை டயரிலிருந்து விலக்கிவிட்டு, பழையபடியே ஒருவர் ஏர்க்காலுக்கும் இருவர் பின்மூலைக் கைப்பிடிகளுக்கும் போக வேண்டியதுதான்.