மிட்வே சண்டையின் ‘ஐந்து நிமிடங்கள்’

மிட்வே சண்டையின் ‘ஐந்து நிமிடங்கள்’ என்பது 1942 ஜூன் 4 அன்று பசிபிக் பெருங்கடலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் அழிக்கப்பட்டது தொடர்பாக நீண்டகாலம் நிலவிய ஒரு கருத்தாகும். ஜப்பானியக் கப்பல்கள் தமது எதிர்த்தாக்குதலைத் தொடங்க ஐந்து நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின என இக்கருத்து கூறுகிறது. சண்டையில் பங்குபெற்ற ஓர் அதிகாரியின் கூற்றிலிருந்து தோன்றிய இது, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில நூல்களில் உண்மையாக ஏற்கப்பட்டிருந்தது. தொழில்முறை வரலாற்றாளர்கள் அல்லாத இரு ஆர்வலர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னர் இது பரவலாகக் கைவிடப்பட்டது.

பின்னணி

வைஸ் அட்மிரல் சுயிச்சி நகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானந்தாங்கிப் படை 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் இப்படையே தாக்கியது. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இத்தாக்குதல்களில் பங்குகொண்ட அக்காகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்று கப்பல்களும், அவற்றுடன் காகாவும் மே மாத இறுதியில் மிட்வே தீவை நோக்கி அனுப்பப்பட்டன.

ஜப்பானியரின் சங்கேதக் குறியீடுகளை ஓரளவு உடைத்திருந்த அமெரிக்கர், தாக்குதலின் இலக்கையும் காலத்தையும் முன்னரே அறிந்திருந்தனர். எண்டர்பிரைஸ், ஹோர்னெட், யோர்க்டவுன் ஆகிய மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள் மிட்வேயின் வடகிழக்கே காத்திருந்தன.

ஜூன் 4 காலை மிட்வே மீது முதல் தாக்குதல் நடைபெற்றது. தீவை மீண்டும் தாக்கவேண்டும் எனக் கருதிய நகுமோ, கையிருப்பில் இருந்த விமானங்களின் டார்பீடோக்களை அகற்றித் தரை இலக்குகளுக்குரிய குண்டுகளைப் பொருத்துமாறு காலை 7:15 மணிக்கு ஆணையிட்டார். சிறிது நேரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் அருகில் இருப்பதாக வேவு விமானத்திடமிருந்து செய்தி வந்ததால் அவ்வாணை நிறுத்தப்பட்டது. காலை 10:20 மணியை ஒட்டி அமெரிக்க டோண்ட்லெஸ் விமானங்கள் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசின. சில நிமிடங்களில் அக்காகி, காகா, சோரியு ஆகிய மூன்றும் தீப்பற்றி எரிந்தன. ஹிரியு அன்று மாலை தாக்கப்பட்டது. நான்கு கப்பல்களும் மூழ்கின.

ஃபுச்சிடாவின் கூற்று

பேர்ள் துறைமுகத் தாக்குதலை வானிலிருந்து வழிநடத்திய மிட்சுவோ ஃபுச்சிடா, குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் தேறிவந்த நிலையில் மிட்வே சண்டையின்போது அக்காகியில் இருந்தார். அவரும் மசத்தாக்கே ஒக்குமியாவும் இணைந்து எழுதிய மிட்வே பற்றிய நூல் 1951இல் ஜப்பானிலும், 1955இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது. எதிர்த்தாக்குதலுக்குரிய விமானங்கள் முழு ஆயுதங்களுடன் மேல்தளத்தில் அணிவகுத்து நின்றன என்றும், ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் அவை அனைத்தும் புறப்பட்டிருக்கும் என்றும் அந்நூல் கூறியது.

ஜப்பானிய மொழி அறியாத ஆய்வாளர்களுக்கு நகுமோவின் கப்பலில் இருந்த ஒருவரின் நேரடிச் சாட்சியமாக இந்நூல் அமைந்தது. வால்ட்டர் லார்ட் எழுதி 1967இலும், கோர்டன் பிராங்கு எழுதி 1982இலும் வெளிவந்த புகழ்பெற்ற நூல்கள் இதனைப் பின்பற்றின. இதன் விளைவாக, ஜப்பானின் தோல்வி ஒரு நூலிழைத் தற்செயல் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

மறுப்புக்கான சான்றுகள்

ஜொனத்தன் பார்ஷல், அந்தனி டல்லி ஆகியோர் 2005இல் ‘உடைந்த வாள்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட ஆங்கில நூல் இக்கருத்தை விரிவாக மறுத்தது. பார்ஷல் மென்பொருள் துறையில் பணியாற்றியவர். இருவரும் பல ஆண்டுகளாக ஜப்பானியப் போர்க்கப்பல்களின் அமைப்பையும் நகர்வுகளையும் தொகுத்து வந்தவர்கள். அவர்கள் முன்வைத்த முதன்மைச் சான்றுகள் பின்வருமாறு:

* செயல்முறை: ஜப்பானியக் கப்பல்களில் டார்பீடோக்கள் மேல்தளத்திற்குக் கீழுள்ள மூடிய விமானக் கூடங்களில் பொருத்தப்பட்டன. பின்னர் விமானங்களை மின்தூக்கிகளில் மேலேற்றி, வரிசைப்படுத்தி, இயந்திரங்களைச் சூடாக்க ஏறத்தாழ முக்கால் மணிநேரம் தேவைப்பட்டது. அந்நேரம் முழுவதும் வேறு விமானங்கள் தளத்தில் இறங்க இயலாது.
* பறப்புப் பதிவேடுகள்: கப்பல்களின் விமானப் பிரிவுகள் எழுதிய பதிவேடுகள் அழியாமல் எஞ்சியுள்ளன. காவல் பணியில் இருந்த சீரோ போர்விமானங்கள் காலை முழுவதும் தளத்தில் இறங்கியும் ஏறியும் வந்ததை அவை காட்டுகின்றன. 10 மணியை ஒட்டியும் இப்பணி தொடர்ந்தது. எனவே தேவையான முக்கால் மணிநேர இடைவெளி கிடைக்கவில்லை.
* நிழற்படங்கள்: காலை 8 மணிக்குப் பின்னர் பி-17 விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட படங்களில் தாக்குதல் விமானங்களின் அணிவகுப்பு எதுவும் காணப்படவில்லை. அதன் பின்னர் 8:37 மணி முதல் 9:18 மணி வரை மிட்வேயிலிருந்து திரும்பிய விமானங்களை இறக்கவும் தளங்கள் காலியாக இருக்க வேண்டியிருந்தது.
* ஜப்பானிய அரசின் போர் வரலாறு: ‘சென்ஷி சோஷோ’ என்னும் அதிகாரபூர்வத் தொடரின் மிட்வே தொகுதி 1971இலேயே ஃபுச்சிடாவின் கூற்றுக்கு மாறான விவரத்தைத் தந்திருந்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படாததால் அது மேற்குலக ஆய்வுகளை எட்டவில்லை.

இச்சான்றுகளின்படி, குண்டு விழுந்தபோது தாக்குதல் விமானங்களிற் பெரும்பாலானவை எரிபொருளுடனும் ஆயுதங்களுடனும் கீழ்க்கூடங்களிலேயே இருந்தன. அக்காகி ஒரே ஒரு நேரடிக் குண்டினால் அழிந்ததற்கும் இதுவே காரணமாகும். அக்குண்டு மேல்தளத்தைத் துளைத்து விமானக் கூடத்தில் வெடித்தது. மூடிய கூடத்தில் பரவிய தீயை அணைக்க இயலவில்லை.

டார்பீடோ விமானங்களின் பங்கு

அன்று காலை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து சென்ற 41 டெவஸ்டேட்டர் டார்பீடோ விமானங்களிற் பெரும்பாலானவை வீழ்த்தப்பட்டன. ஹோர்னெட் கப்பலின் 15 விமானங்களும் அழிந்தன. அவற்றில் சென்ற 30 பேரில் ஜார்ஜ் கே என்ற ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். ஒரு டார்பீடோவும் இலக்கைத் தாக்கவில்லை.

இவர்கள் சீரோ விமானங்களைக் கடல்மட்டத்திற்கு ஈர்த்து, மேலிருந்து வந்தவர்களுக்கு வழிதிறந்தனர் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் ஹோர்னெட் பிரிவின் தாக்குதல் 9:20 மணியளவில், அதாவது ஒரு மணிநேரம் முன்னரே நடந்தது. சீரோக்கள் மீண்டும் உயரம் பெறச் சில நிமிடங்களே போதும். கடைசியாக வந்த யோர்க்டவுன் பிரிவுக்கே இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும்.

எனினும் அவர்களின் இழப்பு வீணாகவில்லை. காலை 7 மணி முதல் மிட்வேயிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு தாக்குதலும் ஜப்பானியக் கப்பல்களைத் திசைமாறி ஓடவும், மேலும் காவல் விமானங்களை ஏற்றி இறக்கவும் கட்டாயப்படுத்தியது. இதனால் எதிர்த்தாக்குதலை அணிவகுக்கும் வாய்ப்பு நகுமோவுக்குக் கிட்டவில்லை. இறந்தவர்கள் ஈட்டித் தந்தது இந்தக் கால அவகாசமே ஆகும்.

கடலடி ஆய்வுகள்

யோர்க்டவுன் கப்பலை 1998இல் ராபர்ட் பாலார்ட் குழுவினர் 5,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டுபிடித்தனர். 1999இல் கிடைத்த ஒரு சிதைவு, பார்ஷல், டல்லி ஆகியோரின் உதவியுடன் காகாவின் பகுதியென இனங்காணப்பட்டது. காகா, அக்காகி ஆகியவற்றின் உடற்பகுதிகள் 2019 அக்டோபரில் பெட்ரெல் ஆய்வுக்கப்பல் மூலம் கண்டறியப்பட்டன.

முக்கியத்துவம்

ஆயுத மாற்றம் எந்த அளவு முடிந்திருந்தது, நகுமோ வேறு முடிவு எடுத்திருக்கலாமா என்பன குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஆனால் தோல்விக்கு ஐந்து நிமிடத் தாமதம் மட்டுமே காரணம் என்ற விளக்கம் ஏற்கப்படுவதில்லை. போதிய வேவு விமானங்களை அனுப்பாமை, மூடிய விமானக் கூடங்கள், பலவீனமான தீயணைப்பு ஏற்பாடுகள், சங்கேதக் குறியீடு உடைக்கப்பட்டமை ஆகியவை முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. நேரில் கண்டவரின் கூற்றையும் பதிவேடுகளுடனும் இயந்திரங்கள் இயங்கும் முறையுடனும் ஒப்பிட்டே ஏற்கவேண்டும் என்பதற்கு இவ்விவாதம் ஓர் எடுத்துக்காட்டாகும்.